கம்பிக்கு மேல் நின்ற கார்டுகள்

வர்ஷினி வேலைக்கு வந்து சேர்ந்த அன்னைக்கு வானத்துல ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துச்சு. ஒத்தக்கடையில பஸ்ஸை விட்டு இறங்கி, புது மனைக்குக் கல்லு நட்டுவச்ச காடுகளைத் தாண்டி, யானைமலையைப் பார்த்து ஒரு கிலோமீட்டர் நடந்தா எங்க நூலகம். முன்னால அது ஒரு டாக்டரோட பங்களா. அவர் சாகும்போது வீட்டையும் புத்தகங்களையும் ஒரு ட்ரஸ்ட்டுக்கு எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. அம்புட்டும் மருத்துவப் புத்தகம். நர்சிங் படிக்கிற பிள்ளைங்க, சித்தா படிக்கிறவங்க, சுகாதார நிலையத்துல வேலை பாக்குறவங்கன்னு ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்தா பெருசு.

நான் நாகஜோதி. பதினோரு வருஷமா அங்க காண்ட்ராக்ட் வேலை. எனக்கு வாய் நீளம்னு நூலகத்துல எல்லாருக்கும் தெரியும். இருட்டுக்குப் பயப்படுற ஆள் நான் இல்லை, பேய் பிசாசுன்னு யாராச்சும் பேசினா போய் வேலையைப் பாருன்னு சொல்லுவேன். இதை முன்னாலயே சொல்லிடுறேன். இல்லாட்டி, இவ பயந்தாங்கொள்ளி, எதையோ பாத்து எதையோ நினைச்சுக்கிட்டான்னு சொல்லுவீங்க.

"அக்கா, நீங்கதானே நாகஜோதி அக்கா? சார் உங்களைப் பத்தி நிறையச் சொன்னாரு"ன்னு சிரிச்சுக்கிட்டே வந்து நின்னா வர்ஷினி. இருபத்துநாலு வயசு. திருநகர்ல சொந்த வீடு, அப்பா பேங்க் ஆபீசர், வாசல்ல புது ஸ்கூட்டி. நூலகப் படிப்புல தங்க மெடல் வாங்கின பொண்ணாம்.

எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடிக்கலை. சிரிச்சா கன்னத்துல குழி விழுந்துச்சு, அதுகூடப் பிடிக்கலை.

எங்க தலைமை நூலகர் சிவசங்கரன் சார் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சாரு. "ட்ரஸ்ட்ல ஒரே ஒரு பர்மனென்ட் போஸ்ட் போட்டிருக்காங்க. பட்டியல் பிரிவுக்கு. மூணாவது வாரம் வெள்ளிக்கிழமை ட்ரஸ்டிங்க வாராங்க. ரெண்டு பேரோட வேலையையும் பார்த்து ஒருத்தருக்கு ஆர்டர் குடுப்பாங்க"ன்னாரு.

பதினோரு வருஷம் ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கா. இன்னொருத்தி ஸ்கூட்டியில வந்து இறங்குறா. ரெண்டு பேருக்கும் ஒரே நாற்காலி. எனக்கு வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

எங்க வேலை என்னன்னு கொஞ்சம் சொல்லிடுறேன். ஒரு புத்தகம் வந்துச்சுன்னா, அது எதைப் பத்தினதுன்னு பார்த்து ஒரு தலைப்பு குடுக்கணும். ஒருத்தர் சர்க்கரை வியாதின்னு தேடுவாரு, இன்னொருத்தர் நீரிழிவுன்னு தேடுவாரு. ரெண்டு இடத்துலயும் புத்தகத்தைக் காட்ட முடியாது. அதனால நீரிழிவுதான் தலைப்புன்னு முடிவு பண்ணி எல்லாப் புத்தகத்தையும் அதுக்குக் கீழ சேர்த்திடுவோம். இன்னொரு கார்டுல, மேல 'சர்க்கரை வியாதி', கீழ 'காண்க: நீரிழிவு'ன்னு எழுதி வைப்போம். அப்படி ஒரு கார்டு எழுதியாச்சுன்னா சர்க்கரை வியாதிங்கிற பேருக்குக் கீழ அப்புறம் ஒண்ணுமே கிடையாது. யாரு தேடி வந்தாலும் கார்டு அவங்களை அடுத்த பேருக்கு அனுப்பிடும்.

கம்ப்யூட்டரும் இருக்கு. ஆனா கார்டை நிறுத்தக் கூடாது, தமிழ்லயும் தலைப்பு இருக்கணும்னு டாக்டரய்யா உயில்ல எழுதி வச்சிட்டாரு. நாப்பத்தெட்டு மர டிராயர். ஒவ்வொரு டிராயருக்கும் அடியில நீளமா ஒரு பித்தளைக் கம்பி, முன்னால திருகு. கார்டோட அடி ஓட்டைக்குள்ள அந்தக் கம்பி போகும். புதுசா எழுதின கார்டை நாங்க கம்பிக்குள்ள கோக்க மாட்டோம். இருக்க வேண்டிய இடத்துல கம்பிக்கு மேல நிறுத்தி வைப்போம். அரை விரக்கடை துருத்திக்கிட்டு நிக்கும். மேல உள்ளவங்க வந்து பார்த்து, சரின்னா திருகைக் கழட்டி, கம்பியை உருவுவாங்க. கார்டு டக்குனு கீழ இறங்கும். திரும்பக் கம்பியை விட்டுப் பூட்டிடுவாங்க. எழுதினவங்களே கம்பியை உருவக் கூடாது. அது சட்டம்.

முப்பத்தோரு வருஷம் அந்தக் கம்பியை உருவினவங்க ஸ்யாமளா மேடம். கல்யாணம் பண்ணிக்காதவங்க. தூசி ஆகாதுன்னு எப்பவும் கைக்குட்டையில நீலகிரித் தைலம் விட்டு மூக்குல வச்சிருப்பாங்க. எழுத்து அச்சு மாதிரி இருக்கும். கார்டு சரியா இருந்தா வலது மூலையில சிவப்புப் பென்சில்ல ஒரு சின்னப் புள்ளி வைப்பாங்க. இல்லைன்னா 'மறுபடி எழுதவும்'.

அவங்களுக்குக் கீழ ஒன்பது வருஷம் இருந்தேன். முதல் தடவையிலயே நான் வாங்கின புள்ளி எத்தனை தெரியுமா?

ஒண்ணுகூட இல்லை.

ஒவ்வொரு கார்டையும் ரெண்டு தடவை, மூணு தடவை எழுத வைப்பாங்க. தப்பு என்னன்னு சொல்ல மாட்டாங்க. அதே வார்த்தையை அப்படியே திரும்ப எழுதிக் குடுத்தா மூணாவது தடவை புள்ளி விழும். வீட்டுக்குப் போய் அழுதிருக்கேன். எங்க வீட்டுக்காரர் கண்ணுச்சாமி, வீட்டு முன்னாலயே வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு, "விட்டுத் தொலை புள்ள, அந்தம்மா கிடக்கு"ம்பாரு. எனக்கு விட முடியலை. அந்தம்மா கையால முதல் தடவையிலயே ஒரு புள்ளி வாங்கணும்னு ஒரு வெறி.

ரிட்டயர் ஆன நாப்பதாவது நாள் மேடம் போய்ச் சேர்ந்தாங்க. நெஞ்சு வலி. சொந்தம்னு யாரும் இல்லை. தத்தனேரி சுடுகாட்டுக்கு நாங்கதான் போனோம். அந்தச் சிவப்புப் பென்சிலை நான்தான் எடுத்துட்டுப் போய், அவங்க கூடவே வச்சு எரிச்சிடுங்கன்னு முத்திருளன் அண்ணன்கிட்ட குடுத்தேன். முத்திருளன் அண்ணே எங்க நூலகத்து அட்டெண்டர். அண்ணே கண்ணு முன்னால அது எரிஞ்சுச்சு.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா சிவசங்கரன் சார்தான் சனிக்கிழமை சனிக்கிழமை கம்பியை உருவுவாரு. கார்டைப் படிக்கவே மாட்டாரு. ஒரு கையில டீ கிளாஸ் இருக்கும்.

வர்ஷினி வந்த மூணாம் நாள். புதன்கிழமை. கார்டு அறைச் சாவி என்கிட்ட மட்டும்தான். காலையில நான்தான் திறந்தேன். முந்தின நாள் நான் ஒன்பது கார்டு நிறுத்தியிருந்தேன், அவ ஆறு.

என்னோட ஒன்பதும் நின்னபடியே நின்னுச்சு.

அவளோட ஆறும் இறங்கியிருந்துச்சு.

சார் வேலைதான்னு நினைச்சேன். கோபம் தலைக்கேறிருச்சு. நேரா அவர் ரூமுக்குப் போனேன்.

"என்ன சார், அவ கார்டை மட்டும் பார்த்திருக்கீங்க? என்னோடது கண்ணுக்குத் தெரியலையா?"

"நான் எங்கம்மா பார்த்தேன்? நேத்து நாலு மணிக்கே பல்லு டாக்டர்கிட்ட போயிட்டேன். சாவி உன்கிட்டதானே இருக்கு?"

திரும்பி வந்து அந்த ஆறு கார்டையும் நல்லாப் பார்த்தேன். வலது மூலையில சிவப்பா ஒரு புள்ளி. விரலால தொட்டேன். விரல்ல சிவப்பு ஒட்டுச்சு.

டிராயருக்குள்ள இருந்து நீலகிரித் தைல வாசம் குப்புனு அடிச்சுச்சு.

அந்த இடத்துல ஒரு மனுஷிக்கு என்ன வரணும்? பயம் வரணும். கைகால் நடுங்கணும். எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? அழுகை. அதுவும் ஆத்திரத்துல வர்ற அழுகை. ஒன்பது வருஷம் நாயா உழைச்ச என்னை விட்டுட்டு, செத்தும் சாகாம வந்து, மூணு நாள் பழகின ஒருத்திக்குப் புள்ளி வைக்குறீங்களே மேடம்! ரப்பரை எடுத்து ஆறு புள்ளியையும் அழிச்சேன்.

மறுநாள் காலையில புள்ளி திரும்ப இருந்துச்சு. முன்னைவிடக் கொஞ்சம் பெருசா.

வர்ஷினிக்கு ஒண்ணும் தெரியாது. சார்தான் பார்க்குறாருன்னு நினைச்சு சந்தோஷப்பட்டுக்கிட்டா. ஒருநாள் அரளி விதை தின்னவங்களுக்கு வைத்தியம் பாக்குறதைப் பத்தி ஒரு புத்தகம் வந்துச்சு. நம்ம பக்கம் அது எம்புட்டு நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். நான் 'தற்கொலை'ன்னு தலைப்புப் போட்டேன். அவ மெதுவா என் பக்கத்துல வந்து நின்னா.

"அக்கா, இது சாகப் போனவங்களைப் பத்தின புத்தகம் இல்லையே. காப்பாத்துறது எப்படின்னுதானே எழுதியிருக்கு? ராத்திரி ஒரு நர்ஸ் அவசரமாத் தேடினா அரளின்னுதானே தேடுவாங்க? 'அரளி நஞ்சு'ன்னு போட்டுட்டு, இதயத் துடிப்புலயும் ஒரு கார்டு வைக்கலாமாக்கா?"

அவ சொன்னது சரி. அதான் எனக்குத் தாங்கலை. "ரொம்பப் படிச்சவ நீ, உன் இஷ்டத்துக்குப் பண்ணு"ன்னு வெடுக்குனு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

மறுநாள் அந்தக் கார்டுல ரெண்டு புள்ளி. நான் ஒருநாளும் யாருக்கும் பார்க்காத ரெண்டு புள்ளி.

எப்படித்தான் நடக்குதுன்னு கண்ணால பார்த்திடணும்னு முடிவு பண்ணேன். மதியம் ஒண்ணரை மணி. வர்ஷினி சாப்பிடக் கீழ போயிட்டா. நான் கதவைச் சாத்திட்டு, கடைசி அலமாரிக்குப் பின்னால முக்காலியைப் போட்டு உக்காந்தேன். டிராயர்ல அவ கார்டு அஞ்சு, என் கார்டு அஞ்சு, பக்கத்துப் பக்கத்துல நிக்குது.

கரண்ட் போச்சு. ஃபேன் சுத்தி முடிச்சு நின்னுச்சு. ஜன்னலுக்கு வெளிய வெயில் வெள்ளையா காயுது, அணில் கத்துற சத்தம் கேக்குது. பட்டப்பகல். உள்ள மட்டும் வாசம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. தைல வாசம். கண்ணு எரிய ஆரம்பிச்சுச்சு.

ஒரு இருமல்.

ஒன்பது வருஷம் கேட்ட அதே இருமல். ரெண்டு சின்னது, ஒரு பெருசு.

டிராயர் தானா வெளிய வந்துச்சு. அவசரமே இல்லை. ஒவ்வொரு கார்டா சாயுது, நிமிருது. யாரோ பெருவிரலால தள்ளித் தள்ளிப் படிக்கிற மாதிரி.

வர்ஷினி கார்டுல நின்னுச்சு.

பித்தளைத் திருகு சுத்த ஆரம்பிச்சுச்சு. ஒரு சுத்து. ரெண்டு சுத்து. மூணு.

கம்பி உருவிக்கிட்டு வெளிய வந்து அந்தரத்துல நின்னுச்சு. அதைப் பிடிச்சிருந்த கை எனக்குத் தெரியலை.

டக்.

அவ கார்டு அஞ்சும் இறங்குச்சு. என் கார்டு அஞ்சு மட்டும் ஏதோ அடியில முட்டுக் குடுத்த மாதிரி அப்படியே நின்னுச்சு.

கம்பி திரும்ப உள்ள போச்சு. எனக்கு அதுக்குமேல பொறுக்க முடியலை. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

"மேடம்"னு கூப்பிட்டேன். "என் கார்டுல என்ன தப்பு மேடம்?"

என் முதல் கார்டுல மட்டும் சரக் சரக்குனு ஒரு சத்தம். கிட்டப் போய்ப் பார்த்தேன். அச்சு மாதிரி எழுத்து, சிவப்புல.

'மறுபடி எழுதவும்.'

அன்னைக்குச் சாயங்காலம் முத்திருளன் அண்ணே கேட்டைப் பூட்டுறப்போ அவர்கிட்ட போய் நின்னேன். அவரே என் மூஞ்சியைப் பார்த்தாரு.

"உனக்கும் தெரிஞ்சு போச்சா தாயி?"

"உங்களுக்கு எப்படிண்ணே?"

"ரெண்டு வருசமா மத்தியானம் நான் அந்த ரூம்புப் பக்கமே போறதில்ல. தைல வாடை அடிக்கும்."

"அவளுக்கு மட்டும் புள்ளி வைக்குறாங்கண்ணே. எனக்கு என்ன குறைச்சல்? சொல்லுங்க!"

அண்ணே சாவியை இடுப்புல சொருகினாரு. அப்புறம் சொன்னாரு. "உனக்குக் குறைச்சல் இல்ல தாயி. அதான் சங்கதி. நீ ஒருநா ஒம் மகளைக் கூட்டியாந்தேல்ல, பள்ளிக்கூடம் லீவுன்னு? நீங்க போன பொறவு அந்தம்மா பாப்பா உக்காந்த நாற்காலியையே தடவிக்கிட்டு இருந்துச்சு. நான் டீ குடுக்கப் போனேன். 'அவ கார்டெல்லாம் சரியாத்தான் இருக்கு முத்திருளா'ன்னுச்சு. 'புருசன், பிள்ளை, தெனமும் சுடுசோறுன்னு அம்புட்டும் அவளுக்கு இருக்கு. எங்கிட்ட இருக்கிறது இந்த ஒரு புள்ளி. இதையும் அவளுக்கே குடுக்கணுமா'ன்னு கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆச்சு. என்னைப் பார்த்து மேடத்துக்குப் பொறாமையா? வாடகை வீட்டுல, பட்டறைப் புகைக்குள்ள சோறு பொங்குற என்னைப் பார்த்தா? பஸ் ஏறி வீடு வர்ற வரைக்கும் அதையே நினைச்சுக்கிட்டு வந்தேன். மனசு இளகியிருக்கணும். பாவம்னு தோணியிருக்கணும். எனக்கு அப்படித் தோணலை. அப்ப என் கார்டு சரிதான், முதல்ல இருந்தே சரிதான், வேணும்னே குடுக்காம வச்சிருந்திருக்கீங்கன்னு கோபம்தான் வந்துச்சு.

மூணாவது வாரம் வியாழக்கிழமை. மறுநாள் ட்ரஸ்டிங்க வாராங்க, அவங்களே பார்க்கட்டும்னு சார் அந்த மூணு வாரமும் கம்பியை உருவலை. அதுவரைக்கும் வர்ஷினி போட்டது நாப்பது கார்டு, நாப்பதும் இறங்கிடுச்சு. என்னோடது முப்பத்தெட்டு, எல்லாத்துலயும் 'மறுபடி எழுதவும்'. சார் வந்து பார்த்துட்டு, "என்ன ஜோதி, உன் கார்டு எல்லாம் கிறுக்கிக் கிடக்கு?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. வர்ஷினி அஞ்சு மணிக்குக் கிளம்பினா. "ஆல் தி பெஸ்ட்க்கா"ன்னு என் கையைப் பிடிச்சா. நிஜமாத்தான் சொன்னா. அந்தப் பொண்ணுக்குப் பொய் வராது. அதுவும் எனக்கு ஆத்திரம்தான்.

அவ ஸ்கூட்டி சத்தம் ஓய்ஞ்சதும் கதவைச் சாத்தினேன். புது கார்டுக் கட்டை எடுத்தேன். அவளோட நாப்பது கார்டையும் அப்படியே பார்த்து என் கையெழுத்துல எழுதினேன். ஒவ்வொரு கார்டுலயும் இடது மூலையில எழுதினவங்க பேர்ச் சுருக்கம் போடணும். அவ 'வ'ன்னு போடுவா. நான் 'நா.ஜோ.'

இங்கதான் நான் ஒரு தப்புப் பண்ணேன். கார்டை எழுதி முடிச்சுப் படிச்சுப் பார்த்த பிறகுதான் பேர்ச் சுருக்கம் போடணும். வெத்துக் கார்டுல போடவே கூடாது. போட்டுட்டா, அப்புறம் அதுல யாரு என்ன எழுதினாலும் நீ எழுதினதாத்தான் அர்த்தம், நீ ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேடம் எனக்குச் சொன்னது அது. ஆனா அன்னைக்கு இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும், கை பரபரங்குது. மொத்தக் கட்டுலயும் முதல்லயே 'நா.ஜோ.', 'நா.ஜோ.'ன்னு போட்டுக்கிட்டே போயிட்டு, அப்புறம் எழுத ஆரம்பிச்சேன்.

எழுதி முடிச்சு, சட்டத்தை மீறிக் கம்பியை உருவி, அவ கார்டையும் கிறுக்கிக் கிடந்த என் பழைய கார்டையும் பூராம் எடுத்துட்டு, கம்பியைத் திரும்ப மாட்டிப் புதுசை மேல நிறுத்தினேன். அவளோடதை நாலாக் கிழிச்சு ஹேண்ட்பேக்ல திணிச்சேன்.

ஒரு கார்டு மிச்சம் இருந்துச்சு. வெறுங்கார்டு. மூலையில என் பேர் மட்டும்.

கிழிச்சுப் போட்டிருக்கலாம். அதை எடுத்துட்டுப் போய் மேடத்தோட பழைய மேஜை மேல வச்சேன். அந்த நாற்காலியைப் பார்த்துப் பேசினேன். யாரும் சொல்லிக் குடுக்கலை, வாயில தானா வந்துச்சு.

"என்னைப் பார்த்து வயிறெரிஞ்சீங்களாமே மேடம். என்கிட்ட இருக்கிறதுல உங்களுக்கு எது வேணுமோ அதை எடுத்துக்கங்க. ஆனா அவளுக்குக் குடுக்காதீங்க. எனக்குக் குடுங்க. எனக்குத்தான் குடுக்கணும்."

நாற்காலி க்ரீச்சுனு ஒரு தடவை பின்னால நகர்ந்துச்சு. உக்காந்திருந்தவங்க எந்திரிச்சா நகருமே, அந்த அளவு.

அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. தைல வாசம்கூட இல்லை. நான் பூட்டிட்டு பஸ் ஏறிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில முதல் ஆளா வந்து கதவைத் திறந்தேன். டிராயர் டிராயரா இழுத்துப் பார்த்தேன். நாப்பது கார்டும் இறங்கியிருந்துச்சு. நாப்பதுலயும் சிவப்புப் புள்ளி. தரையில உக்காந்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்.

பதினோரு மணிக்கு மூணு ட்ரஸ்டிங்க வந்தாங்க. டிராயரைத் திறந்து கார்டைப் பார்த்தாங்க. அரளி நஞ்சு கார்டைப் பார்த்துட்டு அதுல ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற டாக்டர், "யாரும்மா இதை எழுதினது? ரொம்ப யோசிச்சுப் போட்டிருக்கீங்க"ன்னாரு. அதையும் நான் எடுத்து எழுதியிருந்தேன். அவ போட்ட ஒரு கார்டைக்கூட விட்டு வைக்கலை.

"நான்தாங்கய்யா"ன்னேன்.

வர்ஷினி கதவோரமா நின்னுக்கிட்டு இருந்தா. மூஞ்சி வெளுத்துப் போச்சு. எல்லாரும் சார் ரூமுக்குப் போன பிறகு என் பக்கத்துல வந்தா.

"அக்கா, அது என் கார்டு."

"எது உன் கார்டு? மூலையில யாரு பேர் இருக்குன்னு பாரு."

"ஏங்க்கா?"ன்னு கேட்டா. அம்புட்டுத்தான் கேட்டா. சண்டை போடலை. கண்ணைத் துடைச்சுக்கிட்டு பேகை எடுத்துட்டுப் போயிட்டா. மதியம் சார் என்னைக் கூப்பிட்டு ஆர்டர் கவரைக் கையில குடுத்தாரு. திங்கக்கிழமையில இருந்து பர்மனென்ட். கம்பியை உருவுற அதிகாரம் எனக்குத்தான்னு அதுல போட்டிருந்துச்சு.

நாலு மணிக்கு எல்லாரும் கிளம்பிட்டாங்க. நான் மட்டும் கார்டு அறையில இருந்தேன். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாம்னு போனை எடுக்கும்போதுதான் மேடத்தோட மேஜையைப் பார்த்தேன். நான் வச்ச வெறுங்கார்டு அங்க இல்லை.

கீழ குனிஞ்சு தேடினேன். இல்லை. குப்பைக் கூடையில இல்லை.

'நா' டிராயர் மட்டும் ஒரு விரக்கடை வெளிய வந்திருந்துச்சு.

இழுத்தேன். நாக்குப் புற்றுநோய்க்கும் நாடித்துடிப்புக்கும் நடுவுல புதுசா ஒரு கார்டு. ஏற்கனவே இறங்கி, கம்பியில கோத்திருந்துச்சு. வலது மூலையில சிவப்புப் புள்ளி. அழகா, உருண்டையா. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, என் கண்ணு முதல்ல அந்தப் புள்ளிக்குத்தான் போச்சு. இது எனக்கே எனக்குன்னு விழுந்த புள்ளின்னு ஒரு நொடி மனசு நிறைஞ்சு போச்சு.

அப்புறம்தான் மேல எழுதியிருக்கிறதைப் படிச்சேன். அச்சு மாதிரி எழுத்து.

நாகஜோதி
காண்க: ஸ்யாமளா

இடது மூலையில என் கையாலயே போட்ட 'நா.ஜோ.'

கார்டைப் பிடிச்சு இழுத்தேன். வரலை. கம்பியை உருவலாம்னு திருகைப் பிடிச்சேன். அசையவே இல்லை. சேலைத் தலைப்பைச் சுத்திப் பிடிச்சுத் திருகினேன், உள்ளங்கை தோல் உரிஞ்சு போச்சு. யாரு என்னைத் தேடி வந்தாலும் இந்தக் கார்டு அவங்களை எங்க அனுப்பும்னு எனக்குத் தெரியும். நானே இந்த மாதிரி ஆயிரம் கார்டு எழுதியிருக்கேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். ரெண்டாவது ரிங்லயே எடுத்துட்டாரு. பின்னால பட்டறைச் சத்தம் இல்லை. வீட்டுக்குள்ளதான் இருந்தாரு.

"ஹலோ, யாரு?"

"நாந்தேங்க."

"நாந்தேன்னா யாரும்மா?"

"விளையாடாதீங்க. ஜோதி பேசுறேன்."

"எந்த ஜோதி?" அவர் குரல்ல விளையாட்டு இல்லை. வேத்து ஆளுகிட்ட பேசுற மரியாதைதான் இருந்துச்சு. "இரும்பு கேட் வேலையா? நாளைக்குப் பட்டறைக்கு வாங்கம்மா. இப்ப சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

"ஏங்க, நான் உங்க பொண்டாட்டிங்க! பாப்பாகிட்ட குடுங்க!"

அவர் போனைக் காதுல இருந்து எடுத்துட்டாரு போல. சத்தம் தள்ளிக் கேட்டுச்சு. தட்டுச் சத்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் பாண்டிமீனா குரல். "அம்மா, போன்ல யாரோ அழுவுறாங்கம்மா."

ஒரு இருமல். ரெண்டு சின்னது, ஒரு பெருசு.

"ராங் நம்பரா இருக்கும். நீ சாப்பிடு கண்ணு, பணியாரம் ஆறுது."

மேடத்துக்கு அடுப்பு பத்த வைக்கவே தெரியாது. முப்பத்தோரு வருஷமும் மெஸ்ல சாப்பிட்டவங்க. நான் போனைக் காதோட வச்சு அமுக்கிக்கிட்டு நின்னேன். என் பொண்ணு வாய் நிறைய மென்னுக்கிட்டே கேட்டா.

"இன்னும் ரெண்டு வைம்மா."

என்கிட்ட அவ ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.